கோணல் தையலுக்குக் கூலி

மாஸ்டர் எதிர்க்கடைக்காரருக்கு ஒரு ஜோடி ஷூவுக்கு அடி தைத்த கூலி தரவேண்டியிருந்தது. தெருவுக்கே தெரிந்த பாக்கி அது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் தீரவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், விளக்குமாற்றைத் தொடுமுன், மெஷினில் படிந்த தூசியைத் தட்டுமுன், மாஸ்டர் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் ஒரு குரல் கொடுப்பார்.

"என்ன கோணல், இன்னைக்காவது நூலு நேரா ஓடுமா?"

"கூலியக் கொண்டா, ஓடும்."

இந்த இரண்டு வரி முடிந்தால்தான் இரண்டு கடையிலும் வியாபாரம் தொடங்கும்.

நடந்தது இதுதான். மாஸ்டர் கடை போட்ட புதிதில் ஒருநாள் தோல் வெட்டும் கத்தி அவருடைய உள்ளங்கையைப் பதம் பார்த்துவிட்டது. கையில் கட்டு. அந்த நேரம் பார்த்து அவருடைய சொந்த ஷூவே வாயைப் பிளந்தது. வேறு வழியில்லாமல் எதிர்க்கடையில் கொடுத்தார். தைத்து வந்ததும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குதிகால் திரும்புகிற இடத்தில் தையல் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. "இது தையலா, எறும்பு போன பாதையா? கோணல் வேலைக்குக் கூலி கிடையாது" என்று சொல்லிவிட்டு, அதே ஷூவை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து எதிர்க்கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் போய்க் 'கோணல்' என்ற பெயரே நிலைத்தது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்த ஷூ அதற்கப்புறம் எட்டு வருஷம் கிழியாமல் உழைத்ததை மட்டும் மாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்டர் எழுபதைத் தொடப்போகிற ஆள். உடம்பு ஒல்லி, முன்கை இரண்டும் மட்டும் முறுக்கிய கயிறு. காதில் ஒரு பென்சில், உதட்டில் நாலு ஆணி. ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஒரு சொல் குழறாது, ஓர் ஆணி நழுவாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. அதைப் பற்றி அவருக்குத் துளிக்கூட வருத்தம் கிடையாது. "என்னை வெளிய அனுப்பின வாத்தியாரு ஷூவுக்கு நான்தான் கடைசி வரைக்கும் குதி மாத்தினேன். அவரு படிச்ச கால் என் வேலையிலதான் நின்னுச்சு" என்பார்.

சும்மா வாய்ச்சவடால் இல்லை. ஒரு குத்தூசியைத் துணியில் சுற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். ஒரு கட்டடத்து மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். இன்றைக்குக் கடை சொந்தம், இரண்டு மெஷின் சொந்தம், ஷூவுக்கு வடிவம் கொடுக்க, சுவர் முழுக்கத் தொங்குகிற மரக்கட்டைப் பாதங்கள் சொந்தம். யார் காலைப் பிடித்தும் மேலே வரவில்லை என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்: "தப்பு. ஊர்ல இருக்கிற எல்லார் காலையும் பிடிச்சுத்தான் வந்தேன். கூலி வாங்கிட்டுப் பிடிச்சேன்." நாற்பது வருஷம் குனிந்து வேலை செய்தும் நிமிர்ந்து பேசத் தெரிந்த மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கடைக்குத்தான் போகவேண்டும்.

அவருக்கு இன்னொரு வித்தை உண்டு. தேய்ந்த ஷூவைத் திருப்பிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். "வலது குதி வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. நீங்க பையை எப்பவும் ஒரே தோள்லதான் மாட்டுவீங்க. மாத்தி மாட்டுங்க, இல்லன்னா முதுகு பிடிச்சுக்கும்." ஒரு பெண்மணியின் செருப்பைப் பார்த்து, "வீட்டுல மாடிப்படி அதிகமோ?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பையனின் ஷூவில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. "ஷூவைக் குறை சொல்லாத. அளவு சின்னதாகி ஒரு வருஷம் ஆச்சு. வீட்டுல சொல்லக் கூச்சப்பட்டிருக்க." பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் புது அளவில் ஒரு பழைய ஜோடியைத் தேடிக் கொடுத்தவரும் மாஸ்டர்தான்.

ஊர்க் குதிகாலையெல்லாம் படித்தவர், தன் குதிகாலை மட்டும் யார் கண்ணிலும் காட்டவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில் அவருக்கு இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். தேய்ந்துபோன பழைய மூட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம், அதில் சுழல ஓர் உருண்டை, அந்த உருண்டையைத் தாங்கத் தொடை எலும்புக்குள் இறக்கிய ஒரு தண்டு. மாஸ்டர் அதையும் பெருமையாக்கிக்கொண்டார். "எல்லாரும் எலும்புல நிக்கிறாங்க. நான் இரும்புல நிக்கிறேன்." வருஷக்கணக்கில் அந்த மூட்டு நன்றாகவே உழைத்தது. மெஷினை மிதித்தார், மாடிப்படி ஏறினார், எதிர்க்கடையை வம்புக்கு இழுத்தார்.

பிறகு ஒருநாள் மெஷினிலிருந்து எழுந்தவருக்கு முதல் அடி வைக்கும்போது தொடைக்குள் ஒரு குத்து. நாலு எட்டு நடந்ததும் மறைந்துவிட்டது. மறுநாளும் வந்தது. மாஸ்டர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எழுந்ததும் உடனே நடக்கமாட்டார். மெஷினின் சக்கரத்தைப் பிடித்தபடி, சுவரில் தொங்கும் கட்டைகளில் எதையோ தேடுவது போல அண்ணாந்து பார்ப்பார். குத்து அடங்கியதும், தேடியது கிடைத்துவிட்டது போல நடப்பார். வாடிக்கையாளர்களுக்கு அவர் சரியான கட்டையைத் தேர்ந்தெடுக்கும் நிதானத்தில் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அடுத்து, இடது கால் கொஞ்சம் குட்டையானது. கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, காலணிக்காரனுக்குத் தெரியும். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இடது ஷூவுக்குள் ஒரு கார்க் தகடு வைத்தார். சில மாதம் போனதும் அதற்கு மேல் இன்னொன்று. அதற்கப்புறம் குதியில் ரப்பர். அப்புறம் அடி முழுக்க ஒரு அடுக்கு. இடது ஷூவின் அடி தடித்துத் தெரியுமே? அதற்கும் மூளை இருந்தது. வலது ஷூவின் ஓரத்தைச் சுற்றி மேல்நோக்கி ஒரு கறுப்புப் பட்டியை ஒட்டினார். பார்வைக்கு இரண்டும் ஒரே தடிமன். சமமாக நின்றார், சமமாக நடந்தார். தரை குளிர்கிறது என்று சொல்லி வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அதைத் தோலில் மறைத்த ஒரே ஆள் அவர்தான்.

வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். காலையில் மாஸ்டர் எழுமுன் வீடு கூட்டும்போது ஷூவை எடுத்து ஓரமாக வைப்பவர் அவர்.

"ஏங்க, இது என்ன ரெண்டு கையிலயும் தூக்கினா தராசு மாதிரி ஒரு பக்கம் சாயுது?"

"இடது கால் எனக்கு ராசியான கால். அதுக்குக் கொஞ்சம் தோல் அதிகமாப் போட்டேன்."

"ராசியான காலு எதுக்கு நாற்காலிய விட்டு எந்திரிக்கும்போது பல்லைக் கடிக்குது?"

அந்த அம்மாவிடம் அதற்கு மேல் கதை விட முடியாது. பல்லைக் கடிப்பது ராத்திரிப் படுக்கும்போதும் தொடங்கியதும், கையைப் பிடித்துத் தெருக்கோடியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மாஸ்டர் அங்கே எப்படிப் போனார் தெரியுமா? அணிவகுப்புக்குப் போகிற மாதிரி. நிமிர்ந்த முதுகு, பளபளவென்று ஷூ, ஒரு துளி சாய்வு இல்லை. வலிக்கிறது என்று மட்டும் ஒப்புக்கொண்டார். அதுவும் வீட்டம்மா சொன்னதால். டாக்டரம்மா ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"கழட்டினா திரும்பக் கட்டக் குனியணும் டாக்டரம்மா. குனிஞ்சா இடுப்பு சண்டைக்கு வரும். என் நடையைத்தான் பார்த்தீங்களே. நொண்டுறேனா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கூட்டம் வேறு. புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுக்கவைத்தார். அதைப் பார்த்ததும் முகம் மாறியது. பழைய மூட்டை எடுத்துவிட்டு மறுபடி புதிது வைக்கிற ஆப்பரேஷன் தேவைப்படலாம் என்று, பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென்றே இருக்கிற மூட்டு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். நடையில் சாய்வு இல்லை, இரண்டு காலும் சமம் என்றும் அதில் எழுதியிருந்தார். பார்த்ததைத்தானே எழுத முடியும்.

கடிதம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஐயா, பெரிய டாக்டர் உங்களைப் பட்டியல்ல சேர்க்கலை. விவரம் போதாதுன்னு திருப்பிட்டார். முதல் ஆப்பரேஷன் யார் பண்ணினாங்க, எந்த ஆஸ்பத்திரி, உள்ள வச்சது எந்தக் கம்பெனி உருண்டை, எந்தக் கம்பெனி கிண்ணம்? அன்னைக்கு எடுத்த எக்ஸ்ரே எங்க? புண்ணு ஆறும்போது சீழ் வச்சுதா? மூட்டு எப்பவாவது நழுவிச்சா? வலி எழுந்திரிக்கும்போதா, நடக்கும்போதா, படுத்திருக்கும்போதா? எல்லாத்தையும் கேட்டிருக்கார்."

"ஒரு இடுப்புக்கா இத்தனை கேள்வி? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்பகூட எங்க மாமனார் இவ்வளவு கேக்கலை."

"கேட்டிருக்கணும்" என்றார் வீட்டம்மா.

டாக்டரம்மா மேஜையில் கையூன்றிக் குனிந்தார். "நீங்க பழைய அடியைப் பிரிச்சுப் புது அடி போடுறீங்க. உள்ள ஆணி அடிச்சிருக்கா, பசை போட்டிருக்கா, நூல் ஓடியிருக்கான்னு பார்க்காமலா கத்தியை வைப்பீங்க?"

தொழிலை இழுத்துப் பேசினால் அவர் பொய் சொல்லமாட்டார்.

"வச்சா மேல்தோலே கிழிஞ்சுரும்" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"அதேதான். எந்தத் தண்டுன்னு தெரிஞ்சாத்தான் அதை எடுக்கிற கருவியைக் கொண்டாந்து வைக்க முடியும். புது எக்ஸ்ரேயில தண்டு கீழ இறங்கின மாதிரி இருக்கு. ஆனா நான் கால் சமம்னு எழுதியிருக்கேன். எது நிஜம்னு கேட்கிறார். உண்மையிலேயே இறங்கிக்கிட்டு இருந்தா, ஒருநாள் உங்க தொடை எலும்பு பிளந்துரும். அப்புறம் மெஷின் மிதிக்கிறதை மறந்துர வேண்டியதுதான்."

மெஷின் என்ற சொல் விழுந்ததும் மாஸ்டர் தன் கால்களைப் பார்த்தார். அடுத்து அவர் செய்த காரியத்தை இன்றைக்கும் டாக்டரம்மா சொல்லிச் சொல்லி வியக்கிறார். சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். வீட்டம்மாவை விட்டு இடது ஷூவைக் கழற்ற வைத்தார். அதை மடியில் கவிழ்த்துப் போட்டு, தான் தைத்த தையலைத் தானே அறுத்தார். அடி முழுக்கப் போட்ட அடுக்கு கழன்று வந்தது. குதியிலிருந்த ரப்பர். அதற்கடுத்த கார்க். அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார்.

"இந்தக் கார்க்தான் முதல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, சந்தைக்கடை எரிஞ்சப்ப வாங்கினது. இது போன மழைக்கு முன்னாடி. இந்த ரப்பர் மழைக்குப் பின்னாடி. இது இப்பத்தான், இந்த வருஷம்." கடைசி அடுக்கை விரலால் அழுத்தினார். "வர வர அடுக்கு தடிச்சுக்கிட்டே போகுது டாக்டரம்மா. வேகமா இறங்குது. எனக்குத் தெரியும்."

எந்த அடுக்கு எந்தக் காலம் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அன்று ஷூவைக் கழற்றவைக்காமல் விட்டது தன் தப்பு என்று அவரே சொன்னார். மாஸ்டர் வலது ஷூவையும் கழற்றவைத்துவிட்டு எழுந்து, முதல் முறையாக அடுத்தவர் பார்க்க வெறுங்காலோடு அந்த அறையில் நடந்து காட்டினார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடது பக்கம் விழுந்து விழுந்து எழுந்தது.

வீட்டம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஏங்க, என்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் மேஜையில் கிடந்த அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக்கினார்.

அந்தச் சங்கடத்தை உடைத்தது பழைய எக்ஸ்ரே. அது இருந்தால்தான் தண்டு அன்றைக்கு எங்கே நின்றது, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

"அந்தப் பெரிய பிலிமு உங்ககிட்டதானே கொடுத்தேன், பத்திரமா வைக்கச் சொல்லி?" என்றார் வீட்டம்மா.

"பத்திரமாத்தான் இருக்கு." மாஸ்டர் கழுத்தைத் தடவினார். "உருவம்தான் கொஞ்சம் மாறியிருக்கு."

விஷயம் தெரிந்தால் நீங்களும் டாக்டரம்மாவைப் போலத்தான் வாயைப் பிளப்பீர்கள். தோலின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்கு அளவு அட்டை வேண்டும். சாதாரண அட்டை நாலு தரம் கோடு போட்டால் முனை மழுங்கிவிடும். எக்ஸ்ரே பிலிம் அப்படி இல்லை. மழுங்காது, நனையாது, வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். இவ்வளவு நல்ல சரக்கை அலமாரியில் தூங்கவைக்கத் தொழிலாளிக்கு மனசு வருமா? மாஸ்டர் தன் இடுப்பை எடுத்துவந்து தானே கத்தரித்திருந்தார். கிண்ணமும் உருண்டையும் தெரிகிற பாகம், ஆண்கள் ஷூவின் உள்ளடிக்கு அளவு. ஊர், ஆஸ்பத்திரி, தேதி அச்சடித்த மேல் ஓரம், கயிற்றுக்குக் கீழே வரும் நாக்குக்கு அளவு. இரண்டும் கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தத் தெருவில் பாதிப் பேர் மாஸ்டரின் இடுப்பின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

"தண்டோட நுனி எங்க? அதுதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

"அது... குதிகால் சட்டத்துக்கு, குதியைச் சுத்தி பின்பக்கம் வர்ற தோலுக்கு, அளவா வெட்டினது. கோணலு ஒருதரம் கேட்டான்னு கொடுத்தேன். திருப்பித் தரலை."

இரண்டு கடைக்கும் சண்டை சண்டைதான். ஆனால் நூலும் பசையும் அளவு அட்டையும் தபால்காரர் கையில் போய்வந்துகொண்டுதான் இருக்கும். தொழில் வேறு, பகை வேறு. அதுதான் கைத்தொழில்காரனின் கௌரவம்.

வீட்டம்மா தானே போய் வாங்கிவருவதாகக் கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "இருக்காம். ஆனா அவரே வந்து கேக்கட்டும்னு சொல்றாரு."

மாஸ்டர் பார்த்தார். இடது ஷூ அக்குவேறு ஆணிவேறாக மேஜையில் கிடக்கிறது. மாற்று ஷூ போட்டாலும் அதில் அடுக்கு இல்லை. தெருவைக் கடந்தால் நொண்டிக்கொண்டுதான் கடக்கவேண்டும். வெயில் நேரம், எல்லாக் கடை வாசலிலும் ஆள். காத்திருந்து ராத்திரி போகலாம். அப்படிப் போகிறவர் அவர் இல்லை.

வலது கை வீட்டம்மா தோளில், இடது கை காற்றில். தெருவின் நடுவில் ஒரு சைக்கிள்காரன் நின்று வழிவிட்டான். முடிவெட்டும் கடையில் கத்தரி ஓய்ந்தது. உடம்பு விழுந்து விழுந்து எழுந்தது. தலை மட்டும் சாயவில்லை. அத்தனை பேர் பார்க்க, இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் எதிர்க்கடைப் படியில் கால் வைத்தார்.

கோணல் தன் முக்காலியை விட்டு எழவில்லை. மடியில் ஒரு செருப்பு. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வாங்க மாஸ்டரு. கூலியக் கொண்டாந்தீங்களா?"

"கோணல் வேலைக்குக் கூலி இல்லன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். என் அளவைக் கொடு."

"எந்த அளவு?"

"குதிகால் சட்டம். பிலிமு."

கோணல் கையை மேலே நீட்டி ஆணியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்தார். தராமல், அதைத் தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாக ஓர் எலும்பு. அதற்குள் அதைவிட வெள்ளையாக ஒரு கூர் நுனி.

"இது என்னய்யா? இத்தனை வருஷமா ஏதோ ஆட்டுக்காலுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"என் தொடை."

"அடப் பாவி. உன் தொடையை வச்சா நான் பொம்பளைங்க செருப்பெல்லாம் வெட்டினேன்?"

முடிவெட்டும் கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. நின்ற இடத்தில் வலி ஏறியது. சுவரைப் பிடிக்கக் கை போனது; கோணல் கண்ணில் அது பட்டுவிட்டது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். தன் முக்காலியைக் காலால் தள்ளி மாஸ்டருக்குப் பின்னால் கொண்டுவந்தார்.

"உக்காரு. எந்திரிச்சதும் சுவத்துல கட்டையைத் தேடுற மாதிரி நிப்பியே, அந்த நாடகம் என்கிட்ட வேண்டாம். ரெண்டு வருஷமா இங்க உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கேன். அந்தக் கறுப்புப் பட்டியையும் பார்த்தேன்."

"பார்த்தவன் ஏன் சொல்லலை?"

"யாருகிட்ட சொல்றது? தெருவுல சொன்னா உன் வியாபாரம் போகும். உன்கிட்ட சொன்னா நீ கேக்கவா போற?" பிலிம் துண்டைத் துணியால் துடைத்து அவர் கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. எலும்பைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் கூலி கேக்கிறவன் நான் இல்லை."

மாஸ்டர் துண்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி அடங்கியதும், சுவரில் கட்டையைத் தேடாமல், வீட்டம்மா தோளைப் பிடித்து எழுந்தார்.

மூன்று துண்டையும் டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் பொருத்தி ஒட்டினார். நடுவில் கொஞ்சம் காணவில்லை. அது எந்தச் செருப்புக்குப் போனதோ. ஆனால் வேண்டியது கிடைத்துவிட்டது. அன்றைக்குத் தண்டின் நுனி நின்ற இடமும் இன்றைக்கு நிற்கிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. நாக்கு அளவில் இருந்த பெயரைப் பிடித்துப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரி பெயர் மாறியிருந்தது. ஆப்பரேஷன் குறிப்பு மாறவில்லை. எந்தக் கம்பெனி, என்ன அளவு, எல்லாம் அதில் இருந்தது.

"இன்னும் ஒண்ணு. ரத்தம் எடுக்கணும். உள்ள கிருமி இருக்கான்னு பார்த்தாகணும், ஏன்னா இருந்தா ஆப்பரேஷன் முறையே வேற. நடுவுல நீங்களா மருந்துக்கடையில ஏதாவது வாங்கி விழுங்கினீங்களா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "பல்லுக்குன்னு சொல்லி ரெண்டு தரம்..."

"எப்போ, என்ன மாத்திரை, எத்தனை நாள்? அதையும் எழுதணும். இனி நான் சொல்லாம ஒண்ணும் முழுங்கக் கூடாது. அரைகுறையா மருந்து போட்டா கிருமி ஒளிஞ்சுக்கும், பரிசோதனையில மாட்டாது."

"ஒளியறதுல இவரைவிடக் கெட்டிக்காரக் கிருமி இருக்காது" என்றார் வீட்டம்மா.

கடைசிக் கேள்வி, ஆப்பரேஷனுக்குப் பிறகு என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பது. அதையும் பெரிய டாக்டர் கேட்டிருந்தார். பெரும்பாலானோர் வலி இல்லாமல் தூங்கவேண்டும் என்பார்களாம். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "மெஷின் மிதிக்கணும். வெறுங்காலோட தெருவைத் தாண்டணும்." டாக்டரம்மா இரண்டையும் அப்படியே எழுதினார்.

இந்த முறை கடிதம் திரும்பி வரவில்லை. கிருமி இல்லை என்று வந்தது, தேதி வந்தது. தளர்ந்து இறங்கியிருந்த தண்டை எடுத்துவிட்டு நீளமான புதுத் தண்டை வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த மாஸ்டர் முதலில் பார்த்தது பக்கத்தில் நின்ற நர்ஸின் காலை. "உங்களுக்கு வலது குதி உள்பக்கமா தேயுது. ஒரு நிமிஷம் உக்காராம ஓடுறீங்க" என்றாராம். நர்ஸ் அழுதுவிட்டாராம். உண்மையோ பொய்யோ, மாஸ்டர் சொல்லும்போது அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு காலும் சமமாகிவிட்டன. இப்போதுதான் புதுச் சிக்கல். குட்டைக்காலுக்காகக் கட்டி, டாக்டரம்மா மேஜையில் தானே பிரித்துப் போட்ட ஷூ அப்படியே கிடக்கிறது. அடுக்கு இல்லாமல் அதற்கு மறுபடி அடி தைக்கவேண்டும். தாழ்வான முக்காலியில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு பெரிய கடை இருக்கிறது, அங்கே அனுப்பலாம் என்றார் வீட்டம்மா.

"எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றார் மாஸ்டர்.

ஷூவை வீட்டம்மா எதிர்க்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். நாலு நாள் கழித்து, வாக்கரை ஊன்றிக்கொண்டு மாஸ்டரே வாங்கப் போனார். மெதுவான நடைதான், ஆனால் உடம்பு ஒரு பக்கமும் விழவில்லை. சைக்கிள்கள் நின்றன. முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

கோணல் ஷூவைத் துடைத்துக் கொடுத்தார். மாஸ்டர் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முனையிலிருந்து தொடங்கிப் பார்வையை நூலோடு நகர்த்தினார். குதிகால் திரும்புகிற இடத்தில் நிறுத்தினார். அங்கே தையல் ஒரு நூல் அளவு விலகியிருந்தது.

தெரு மூச்சுவிடாமல் நின்றது. கோணல் கைகளைக் கட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

மாஸ்டர் ஷூவை வீட்டம்மாவிடம் நீட்டினார். சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"கையை நீட்டு."

கோணல் திரும்பினார். பசை காய்ந்து கறுத்த உள்ளங்கை மெல்ல விரிந்தது. மாஸ்டர் இன்றைய கூலியை ஒவ்வொரு நோட்டாக அதன்மேல் எண்ணி வைத்தார். கை மூடப் போனது.

"இரு, முடியலை" என்றார். மறுபடியும் பைக்குள் கையை விட்டு, இன்னொரு ஜோடிக்கான கூலியை, முதல் நோட்டிலிருந்து, சத்தமாக எண்ணத் தொடங்கினார்.